ரிச் கிளிஃபோர்ட் நினைவுக்கு வந்து நின்ன எல்லாருக்கும், அப்பாவையும் சேர்த்து ஒரு நன்றி

சனிக்கிழமை கிளப் ஹவுஸுக்கு வந்தவங்க, சேர் தூக்கிப் போட்டவங்க, சமைச்சவங்க எல்லாருக்கும் தனித்தனியா போன் பண்ணி சொல்லணும்னு தான் நெனச்சேன், முடியல, அதான் இங்கயே எழுதிடுறேன்.

வர முடியாதவங்களுக்காக சொல்றேன். ரிச் கிளிஃபோர்ட் நாசா விண்வெளி வீரர், மூணு தடவை ஷட்டில் விண்கலத்துல போனவர். 1994ல ரெண்டாவது பயணம் முடிஞ்சு வந்தப்புறம், நடக்கும்போது அவரு வலது கை சரியா வீசலைன்னு டாக்டர் கவனிச்சு, அப்புறம் டெஸ்ட் எல்லாம் பண்ணி, கை கால் அசைவு குறைஞ்சு நடுக்கம் வர நரம்பு நோயான பார்க்கின்சன்னு சொல்லிட்டாங்க. அந்த நோயோடவே 1996 மார்ச்ல அட்லாண்டிஸ் ஷட்டில்ல கிளம்பிப் போய், ரஷ்யாவோட மிர் விண்வெளி நிலையத்துக்கு வெளிய சக வீராங்கனை லிண்டா காட்வின் கூட ஆறு மணி நேரம் ஸ்பேஸ்வாக் பண்ணிருக்காரு. காத்தடைச்ச அந்த கிளவுஸுக்குள்ள விரலை மடக்குறதே நல்லா இருக்கவங்களுக்கே கஷ்டம். விஷயம் நாசால சில பேருக்கு மட்டும் தான் தெரியும், வெளிய சொன்னது பல வருஷம் கழிச்சு. 2021 டிசம்பர் 28, 69 வயசுல, அமெரிக்காவுல வட கரோலினா மாநிலத்துல இருக்கிற இதே நம்ம கேரி ஊர்ல தான் காலமானாரு.

எங்கப்பாவுக்கும் பார்க்கின்சன் தான். நாலு வருஷமாச்சு. ஊர்ல சித்தப்பாவுக்குக் கூட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு, வீடியோ கால்ல பேசும்போது வலது கையை துண்டுக்கு அடியில வச்சுப்பாரு. பழைய பிறந்தநாள் வீடியோ ஒண்ணு இருக்கு, அதுலயே அவரு நடக்கும்போது ஒரு கை மட்டும் தான் வீசுது, நாங்க யாருமே பாக்கல, அது இன்னைக்கும் எனக்கு உறுத்துது.

புரொஜெக்டர் கொண்டு வந்த அண்ணா, அந்த ஸ்பேஸ்வாக் போட்டோவை அப்பா போதும்னு சொல்ற வரைக்கும் மாத்தாம வச்சிருந்தீங்களே, அதுக்கு நன்றி. ஹாலை சுத்தி எல்லாரையும் கையை நல்லா வீசி, சத்தமா எண்ணிக்கிட்டே நடக்க வச்ச பிசியோ அக்காவுக்கு நன்றி. பார்க்கின்சன் மாத்திரையான லெவோடோபா போட்டு அரை மணி நேரம் கழிச்சு தான் அப்பா சாப்பிடணும்னு தெரிஞ்சுக்கிட்டு, ஏன்னு ஒரு வார்த்தை கேக்காம பந்தியையே தள்ளி வச்ச கிச்சன் டீமுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

அப்புறம் தான் அப்பா எந்திரிச்சாரு. நாங்க பிளான் பண்ணவே இல்ல. "எனக்கும் அதே வியாதி தாங்க, நான் மறைச்சு வச்சிருந்தேன்"னு அவ்ளோ தான் சொன்னாரு, கை நல்லா நடுங்குச்சு, மறைக்கல. பின்னாடி வரிசைல இருந்த மாமா ஒருத்தர் சேரை இழுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்து "எங்க அண்ணனுக்கும் இருக்குங்க, எந்த மாத்திரை சாப்பிடுறீங்க"ன்னு ரொம்ப சாதாரணமா கேட்டாரு பாருங்க, மாமா, நீங்க யாரு வீட்டு விருந்தாளின்னு கூட எனக்குத் தெரியாது, ஆனா அந்தக் கேள்விக்கு நான் காலத்துக்கும் கடமைப்பட்டிருக்கேன். அன்னைக்கு ராத்திரியே சித்தப்பாவுக்கு வீடியோ கால் போட்டாரு, துண்டு இல்லாம.

நீல மூடி போட்ட சாம்பார் தூக்கு எங்க வீட்ல இருக்கு, யாரோடதுன்னு சொல்லுங்க. அப்பா எல்லாருக்கும் கைப்பட கார்டு எழுதிட்டு இருக்காரு, இந்த வியாதியில எழுத்து சின்னதா சுருங்கிடும், அப்படி ஆகிடக் கூடாதுன்னு பிள்ளைங்க ரெண்டு கோடு நோட்டு மாதிரி கோடு போட்டுக்கிட்டு எழுதுறாரு, ஒரு நாளைக்கு ரெண்டு கார்டு தான் முடியுது. உங்களுது வர கொஞ்சம் லேட்டாகும், கண்டிப்பா வரும்.