சாய்தளம் இருக்கிறது, ஏறத்தான் முடியவில்லை

ஆசிரியருக்கு,

பன்முகத்தன்மையையும் அனைவரின் பங்கேற்பையும் வளர்க்க நகர நிர்வாகம் தனிக் குழு அமைப்பதாகத் தங்கள் நாளிதழில் படித்தேன். நல்ல முடிவுதான். ஆனால் இதுபோன்ற முயற்சிகள் பெரும்பாலும் கலைவிழாவோடும் பல மொழி வாழ்த்துப் பலகையோடும் நின்றுவிடுகின்றன. வாசலைத் தாண்ட முடியாதவருக்கு உள்ளே தொங்கும் பலகையால் என்ன பயன்?

சக்கர நாற்காலியில் செல்லும் என் அண்ணனுடன் ஒருமுறை குறைகேட்புக் கூட்டத்துக்குப் போனேன். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சரிவு வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அங்கே 4 அடிகூட இல்லை. இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி உள்ளே விட்டார்கள். எழுதி வைத்திருந்த மனுவை அண்ணன் கடைசிவரை சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கூட்டமோ வேலை நாளில், காலை 11 மணிக்கு. தினக்கூலிக்காரர்கள் எப்படி வருவார்கள்?

மாற்றுத்திறனாளிகளைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2006-இல் ஐ.நா. ஏற்ற உரிமை உடன்படிக்கையே சொல்கிறது. எனவே விழாவுக்குத் தேதி குறிக்கும் முன், குழுவின் முதல் கூட்டத்தை ஒரு விடுமுறை நாள் மாலையில், தரைத்தளத்தில் நடத்தலாம். அப்புறம், படியேற முடியாத இருவரையாவது உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளலாம்.

— ஒரு வாசகர்