அம்மாவுக்கு மட்டும் தனிச் சமையலா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் உடல் எடையைக் குறைப்பது குறித்துத் தங்கள் இதழில் சென்ற வாரம் வெளியான கட்டுரையையும், அதனுடன் தரப்பட்டிருந்த உணவு அட்டவணையையும் படித்தேன். கட்டுரையாளரின் கவலை நியாயமானதே. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 30.9 விழுக்காடாக இருந்தது. ஆனால் அதே கணக்கெடுப்பு ஆண்களில் 37 விழுக்காட்டினரும் இந்த நிலையில்தான் இருப்பதாகச் சொல்கிறது. அட்டவணையோ அம்மாவுக்கு மட்டும் போடப்பட்டிருக்கிறது.

காலையில் ஓட்ஸ் கஞ்சி, நண்பகலில் சாலட், இரவு ஏழு மணிக்குள் காய்கறி சூப் என்று எழுதுவது எளிது. பிள்ளைகளுக்கு இட்லி, மதியச் சாப்பாட்டுக்குச் சாதமும் குழம்பும், வீட்டுப் பெரியவர்களுக்குக் காரம் குறைத்த ரசம் என்று செய்து முடித்தவர், அதன்பின் தனக்கென மற்றொரு சமையலும் செய்துவிட்டு எட்டரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்றால், அது சில நாள்களில் நின்றுபோவதற்கு அவருடைய மன உறுதியைக் குறை சொல்வது முறையல்ல. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுவது தெரியவந்தது. எடைப் பிரச்சினையின் வேர்களுள் ஒன்று இங்கேயும் இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் மதியம் டிபன் பாக்ஸ்களைத் திறந்தால் பெரும்பாலும் புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தக்காளிச் சாதம். ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவலோ கடையில் வாங்கிய சிப்ஸோ இருக்கும். காய்கறி நல்லது என்பது தெரியாமல் யாரும் இப்படிக் கட்டிக்கொண்டு வருவதில்லை. அவரைக்காய்க்கு நார் எடுக்கவும், முருங்கைக் கீரையை ஆயவும், வாழைப்பூவில் நரம்பு எடுக்கவும் காலையில் ஆள் இல்லை என்பதே காரணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தானியங்களிலிருந்து கிடைக்கும் ஆற்றல் மொத்தத்தில் 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. கலந்த சாதமே முழுச் சாப்பாடாகும் நாளில் இந்த அளவு எளிதாக மீறப்படும். (அரிசிக்குப் பதில் சாமையோ வரகோ பொங்கித் தட்டு நிறையச் சாப்பிட்டால் எடை குறையும் என்ற நம்பிக்கையும் இப்போது பரவியிருக்கிறது. நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. கலோரிக் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.)

ஆகவே அம்மாவின் சமையலைத் தனியே பிரிப்பதை விட, எல்லோருக்குமான சமையலின் அளவுகளை மாற்றுவதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து. சாதம் ஒரு கரண்டி குறைய வேண்டும், கூட்டும் பொரியலும் இரு மடங்காக வேண்டும், அப்பளத்தின் இடத்துக்குச் சுண்டல் வர வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு எடைக் குறைப்பு தேவையில்லை என்றால், அவர்கள் தட்டில் மட்டும் ஒரு முட்டையும் கொஞ்சம் நெய்யும் கூடுதலாக வைத்தால் போதும். அடுப்பில் இன்னொரு பாத்திரம் ஏற வேண்டியதில்லை. கொண்டைக்கடலையை இரவே ஊறவைப்பதும், மறுநாளைக்கான காயை நறுக்கி வைப்பதும் அப்பாவுக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் முடியாத வேலைகள் அல்ல. எண்ணெயின் அளவை மளிகைச் சீட்டிலேயே பார்த்துவிடலாம். அந்த வழிகாட்டி 2,000 கலோரி உணவுக்கு நாளொன்றுக்கு 27 கிராம் எண்ணெய், கொழுப்பு என்று வைத்திருக்கிறது. நான்கு பேருக்கு, எல்லோரையும் பெரியவர்களாகக் கணக்கிட்டாலும், மாதத்துக்கு ஏறத்தாழ மூன்றரை லிட்டர்தான் வரும். ஐந்து லிட்டர் கேன் மாதக் கடைசிக்குள் காலியாகும் வீடுகள் நமக்குத் தெரியாதவை அல்ல.

கட்டுரை தொடாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. பிள்ளை பாதியில் வைத்துவிட்டுப் போன தோசையும் தயிர்ச்சாதமும் வீணாகக் கூடாது என்று தாயின் வயிற்றுக்குள்தான் போகின்றன. எந்த அட்டவணையிலும் சேராத இந்தச் சாப்பாட்டைத் தவிர்க்க, பிள்ளைக்கு முதலில் குறைவாகப் பரிமாறி, கேட்டால் மறுபடி போடுவதே வழி. ஒரு மாதத்தில் பத்துக் கிலோ குறையலாம் என்ற விளம்பரங்களுக்கு நடுவே, வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதே பாதுகாப்பானது என்று அந்த வழிகாட்டி சொல்வதையும் தாங்கள் பெரிய எழுத்தில் வெளியிட்டிருக்கலாம்.

அடுத்த முறை உணவு அட்டவணை வெளியிடும்போது, அதை முழுக் குடும்பத்துக்குமாகத் தயாரித்து, ஒவ்வொரு உணவுக்கும் எதிரே கலோரியுடன் காய் ஆய்ந்து நறுக்குவதற்கான நேரத்தையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெண்கள் பக்கத்தில் அல்லாமல், வீட்டில் ஆண்களும் புரட்டும் பக்கம் ஒன்றில் அது வருவது நல்லது.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தஞ்சாவூர்.