பொதுவாகச் சொல்கிறேன், ராசா

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதுவது. நலம். முட்டு வலி பழையபடிதான், அதில் எழுத ஒன்றுமில்லை. பெரியப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம் ஆவணியில் இருக்கும் என்கிறார்கள். உன் பேரில் மொய்யை நானே எழுதிவிடுகிறேன். அதற்கென்று பணம் எதுவும் அனுப்பாதே.

போனில் பேசினால் "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று சொல்லி முடித்துவிடுகிறாய். அதற்கு மேல் எனக்குக் கேட்க வருவதில்லை. கடிதம் என்றால் நடுவில் "மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிட முடியாது பார்.

போன வாரம் ஒரு போன் வந்தது. இரவு எட்டரை மணி. ஒரு பெண், மரியாதையாகத்தான் பேசினாள். உன் முழுப் பெயரையும் சொல்லி, நான் உனக்கு அம்மாவா என்று கேட்டாள். உன்னைப் பிடிக்க முடியவில்லை, பேசச் சொல்லுங்கள் என்றாள். என்ன விஷயம் என்று கேட்டேன், சொல்லவில்லை. இன்சூரன்ஸ்காரர்களாக இருக்கும். நீயே விசாரித்துக்கொள்.

இது பொதுவாகச் சொல்கிறேன். பாக்கி கேட்டு காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பிறகும் யாருக்கும் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது. வாங்கினவரின் வீட்டாரைத் தொந்தரவு செய்வதும் கூடாது. நம் தெருவில் குழுக் கடன் வசூலுக்கு வருகிற பையன்கள் வாசலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்துவிட்டது. கூச்சத்தில் எதற்கும் பயந்துகொண்டிருக்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொன்னேன். உனக்கென்று சொல்லவில்லை.

இத்தனை வருஷமாகத் தபால் ஆபீஸ் மாதச் சேமிப்புக்கு, அந்த ஆர்.டி. கார்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறேனே, ஒரு வீட்டில் கடன் புகுந்தது அந்த வீட்டுக்காரனுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். முதலில் நிற்பது ஆர்.டி.தான். "அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிர்றேங்க்கா" என்பார்கள். தவணை தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய்தான் அபராதம், அது பெரிதில்லை. நாலு தவணை விட்டால் கணக்கே நின்றுபோகும். இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டி உயிர் கொடுக்கலாம், ஆனால் அப்படி வந்து கட்டியவர்கள் குறைவு. அப்புறம் நான் அந்தத் தெருவில் வருவது தெரிந்தால் கதவு சாத்தியிருக்கும். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பெண், சனிக்கிழமைச் சம்பளத்தில் நூறு ரூபாயை எனக்கென்று முடிந்து வைத்திருப்பவள், என்னைக் கண்டு ஒளிவாள். அவள் எனக்கு ஒரு பைசா தர வேண்டியதில்லை. அவள் பணம், அவள் கணக்கு. ஆனாலும் ஒளிவாள். கடன் மனுஷனை அப்படி ஆக்கிவிடுகிறது.

பாப்பாவின் செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பற்றி எழுத வந்தேன். போன மார்ச் கடைசியில் கவுன்ட்டரில் பார்த்தபோது, அந்த வருஷத்துக்கு ஒன்றுமே கட்டவில்லை என்றார்கள். வருஷத்துக்கு 250 ரூபாயாவது போட்டால்தான் கணக்கு ஓடும். நானே 250 கட்டிவிட்டேன். 8.2 சதவீத வட்டி தருகிற கணக்கு அது, என் ஆர்.டி.க்கே 6.7-தான். அவள் பிறந்த மாதமே ஆரம்பித்து, மாதம் இரண்டாயிரம் என்று நீ போட்டுக்கொண்டு வந்ததை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். மறந்திருப்பாய். வேலை அதிகம்.

அங்கே எல்லாரும் கிரெடிட் கார்டு வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வாங்கினால் மூணு வட்டி என்போம், அவன் வாசலை மிதிக்காதே என்று பிள்ளைக்குச் சொல்வோம். பாக்கி வைத்தால் பல கார்டுகளில் மாதம் மூன்றரை. அதாவது மூணரை வட்டி. ஏசி அறையில் உட்கார்ந்து கொடுப்பதால் யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை. ஒரு லட்சம் பாக்கி, குறைந்தபட்சத் தொகை என்று ஐயாயிரம் கட்டுகிறாய் என்று வைத்துக்கொள். மூவாயிரத்து ஐந்நூறு வட்டிக்கே போய்விடும். அதற்கு மேல் வரி வேறு. அசலில் கழிவது ஆயிரத்துச் சொச்சம்கூட இல்லை. அது மட்டுமில்லை, பாக்கி நிற்கிற வரைக்கும் புதிதாகத் தேய்க்கிற ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். ஐம்பது நாள் சலுகையெல்லாம் முழுசாகக் கட்டுகிறவனுக்குத்தான். தபால் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இது தெரிகிறது, இன்ஜினியருக்குத் தெரியாதா?

சரி, கோபமாக எழுதவில்லை.

பேரன் லீவுக்கு வந்திருந்தபோது என்னோடு வசூலுக்கு வந்தான். பத்து ரூபாய் நோட்டுகளை அடுக்கி எண்ணி, கார்டில் தேதி போட்டு, ரொம்பப் பொறுப்பாகச் செய்தான். எண்ணும்போது உன் கை அப்படியே. போனைத் திறந்தால் குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி பணம் வந்துகொண்டே இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருக்கிறான். அவன் மேல் தப்பில்லை. நோட்டு கை மாறுவதை அவன் எங்கே பார்த்தான்? ஒரு வாரச் செலவுக்கு நூறு ரூபாய் கொடுத்தேன். திங்கட்கிழமையே பம்பரமும் என்னவோ பிளாஸ்டிக் துப்பாக்கியும் வாங்கித் தீர்த்துவிட்டு, அடுத்த வாரக் காசை இப்போதே தா என்றான். தரவில்லை. மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு, "அப்பா மட்டும் அடுத்த மாசம் கட்டிக்கலாம்னு வாங்குறாங்க, எனக்கு மட்டும் ஏன் கூடாது?" என்று கேட்டான்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னான். புது நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்கக் கூடாது, வீட்டில் யாராவது வந்தால் அப்பா ஊரில் இல்லை என்று சொல்ல வேண்டும் என்று. நான் பேச்சை மாற்றிவிட்டேன். அவனைத் திட்டாதே. பிள்ளை சாதாரணமாகத்தான் சொன்னான்.

பிள்ளைகளுக்குப் பணத்தைப் பற்றித் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை ராசா. "இந்த மாதம் முடியாது, அடுத்த மாதம் பார்ப்போம்" என்று வாய்விட்டுச் சொன்னால் போதும். அதில் கேவலம் ஒன்றுமில்லை. 98-ல் உன்னிடம் சொன்னேன். பதினோரு வயது உனக்கு. தீபாவளிக்குப் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாய். கடன் கொடுத்த மேலத்தெருக்காரர் வந்தபோதுகூட உங்கள் அப்பா திண்ணையில் உட்கார்ந்தே பதில் சொன்னார். கொல்லைப்பக்கம் போகவில்லை. அதை நீ பார்த்துக்கொண்டுதான் நின்றாய். வேலைக்குப் போன முதல் வருஷம் உனக்கென்று ஒன்றும் வாங்காமல் என் வளையலைத் திருப்பிக் கொண்டுவந்தாயே, அந்தப் பிள்ளைக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பேரனுக்குத் தை மாதம் பத்து வயது முடிகிறது. அவன் பேரிலேயே கணக்கு ஆரம்பிக்கலாம், அவனே கையெழுத்துப் போடலாம். பள்ளிக்கூடத்தில் நீ சேமித்த சஞ்சயிகா பாஸ்புக்கை அவனிடம் காட்டினேன். ஐந்து ரூபாய், எட்டு ரூபாய் என்று நீ போட்டதைப் பார்த்து ஒரே சிரிப்பு.

ஒரு நோட்டு போடு. யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எத்தனை தவணை பாக்கி, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுது. எது கூடுதல் வட்டியோ அதை முதலில் அடைக்க வேண்டும். சின்னக் கடன் என்று எதையும் எழுதாமல் விடாதே. ஒன்றை அடைக்க இன்னொரு ஆப்பில் வாங்காதே. மருமகளிடம் சொல்லிவிடு. எதைச் சொல்வது என்று என்னிடம் கேட்காதே, பொதுவாகத்தான் சொல்கிறேன். அவளுக்குத் தெரியாமல் நான் எதுவும் செய்ய மாட்டேன்.

என் ஆர்.டி. ஒன்று ஐப்பசியில் முடிகிறது. அதற்கு முன்னால் வேண்டுமென்றால், கட்டினதில் பாதியை அதன் மேலேயே கடனாக எடுக்கலாம், வட்டி இரண்டு சதவீதம்தான் கூடுதல். தருவதில் எனக்கு ஒன்றுமில்லை. நோட்டைப் பார்க்காமல் மட்டும் தர மாட்டேன். ஒரு நோட்டு போடு ராசா, முழுசாகப் போடு.

கிரகப்பிரவேசம் வரைக்கும் தள்ளாதே. வருகிற இரண்டாம் சனிக்கிழமை நீயும் அவளும் வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. அந்தக் காரை எடுத்துக்கொண்டு வர வேண்டாம், அதைப் பற்றியும் பேச வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் போதும். டிக்கெட் இப்போதே போட்டுவிடு, தட்கலில் போட்டுக் கூடுதலாகக் கொடுக்காதே.

அன்புடன்,
அம்மா
கோவில்பட்டி