ஏன் யூனிட்டில் அளக்கிறார்கள்?

அன்புள்ள குமார்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு இன்சுலின் தொடங்கியிருக்கிறார்கள் என்று படித்ததும் கவலையாகத்தான் இருந்தது. நீ பக்கத்தில் இருப்பது நல்லது.

மற்ற மருந்தெல்லாம் மில்லிகிராமில் வர, இது மட்டும் ஏன் யூனிட்டில் வருகிறது என்று கேட்டிருந்தாய். தினமும் லேபில் நான் செய்யும் வேலையே இதைச் சுற்றித்தான்.

1922-இல் டொரான்டோவில் நோயாளிக்கு முதலில் போட்ட இன்சுலின், மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த சாறு. அதில் இன்சுலின் எவ்வளவு, கசடு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. எடை போட்டுப் பயனில்லை. அதனால் முயலுக்கு ஊசி போட்டு, ரத்தச் சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்து யூனிட்டைத் தீர்மானித்தார்கள். ஆனால் முயலுக்கு முயல் மாறும். ஒரே முயல்கூட நாளுக்கு நாள் மாறும். இதற்கு வழி காட்டியது 1897-இல் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக், டிப்தீரியா என்ற தொண்டை நோய்க்கான சீரம் மருந்துக்குச் செய்த ஏற்பாடு: ஒரு மாதிரியை உலர்த்திப் பத்திரமாக வைத்துக்கொண்டு, புது மருந்தை அதோடு ஒப்பிடுவது. முயல் மாறினாலும் ஒப்பீடு மாறாது. பிரிட்டிஷ் விஞ்ஞானி ஹென்றி டேல் போன்றவர்கள் பாடுபட்டு, 1925-இல் இன்சுலினுக்கும் சர்வதேசத் தரமாதிரி வந்தது. அதில் 1 மில்லிகிராமுக்கு 8 யூனிட். இன்று சுத்தமான மனித இன்சுலினில் 1 யூனிட் என்பது 0.0347 மில்லிகிராம். எடை தெரிந்த பிறகும் யூனிட் போகவில்லை. டாக்டர்களும் நோயாளிகளும் அதில்தான் பழகியிருக்கிறார்கள்.

இதை மட்டும் இன்றே பார்த்துவிடு. நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் பாட்டிலும் உண்டு, 100 யூனிட்டும் உண்டு. சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை. 40 பாட்டிலை 100 சிரிஞ்சில் எடுத்து 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். மாற்றி, 100 பாட்டிலை 40 சிரிஞ்சில் அதே 20 கோடு வரை எடுத்தாலோ 50! அது உயிருக்கே ஆபத்து. பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார், சந்தேகமிருந்தால் மருந்துக்கடையில் கேள்.

இன்சுலின் சின்ன புரதம், 51 அமினோ அமிலம் கோத்ததுதான். நாங்கள் இப்போது பார்க்கும் ஆன்டிபாடி மருந்துகள் (உடலின் நோய் எதிர்ப்புப் புரதம் போன்றவை) அதைப்போல இருபத்தைந்து மடங்குக்கு மேல் கனம். உயிருள்ள செல்லில் வளர்ப்பதால், அதில் ஒட்டும் சர்க்கரைச் சங்கிலிகள் பேட்ச்சுக்குப் பேட்ச் கொஞ்சம் மாறும். அந்த மாற்றம் மருந்தில் வந்ததா, எங்கள் கருவியில் வந்ததா? அதைப் பிரித்தறியத்தான் அமெரிக்காவின் அளவைத் தர நிறுவனமான நிஸ்ட் (NIST) 2016-இல் ஒரு ஆன்டிபாடியையே அளவுகோலாகக் குப்பியில் அடைத்து வெளியிட்டது. நோயாளிக்குப் போடுவதற்கல்ல, எல்லா லேபும் ஒரே பொருளை அளந்து தங்கள் எண்களைச் சரிபார்க்க. புது மருந்து கண்டுபிடித்தவர்களைக் கொண்டாடுகிறோம். இந்தக் குப்பியைத் தயாரித்தவர்களையும் அதே அளவு மதிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

உன் மகள் பயோடெக் எடுக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாயே, இந்தத் துறையும் இருக்கிறது என்று அவளிடம் சொல். கேள்வி இருந்தால் நேராக எனக்கே எழுதட்டும்.

அன்புடன்,
ரவி