தொண்டை கட்டினதுல வந்த ஞானம்

டேய் மாப்ள,

ஆறு மாசமா ஒரு வரி எழுதல, திட்டணும்னா திட்டி முடிச்சிட்டு மேல படி. வீட்ல எல்லாரும் சௌக்கியம், என் முதுகுவலியும் சௌக்கியம்.

எங்க ஆபீஸ்ல புது ஐடியா பிடிக்கிற மீட்டிங்லாம் நான்தானே நடத்தறேன். ரெண்டு வருஷமா கலர் கலரா சீட்டு ஒட்டி, "எதுவும் தப்பில்ல, தைரியமா சொல்லுங்க"ன்னு கத்தி, கடைசில போர்டைப் பாத்தா பூரா நானும் மேனேஜரும் சொன்னதுதான். போன மாசம் தொண்டை கட்டி குரலே வரல. வேற வழியில்லாம ஆளுக்கொரு பேப்பரைக் குடுத்து பத்து நிமிஷம் எழுதச் சொல்லி, பேர் இல்லாம வாங்கி ஒட்டிட்டேன். மேனேஜர் கடைசிலதான் பேசணும்னு சைகை வேற (நீ பாத்திருந்தா வருஷக்கணக்குல ஓட்டுவ). ஒரு நாளும் வாயே திறக்காத ஒரு பொண்ணு எழுதினதுதான்டா இப்ப ப்ராஜெக்டாவே ஓடுது! எனக்கு சந்தோஷத்தை விட வெக்கம்தான் ஜாஸ்தி.

அப்புறம் தேடிப் படிச்சா ஒரே வயித்தெரிச்சல். 1958லயே யேல் யுனிவர்சிட்டில சோதிச்சிருக்காங்க, நாலு பேர் கூடி உக்காந்து யோசிக்கறதை விட நாலு பேர் தனித்தனியா யோசிச்சதைச் சேத்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஐடியா வருதாம். 1987ல ரெண்டு பேர் காரணத்தையும் நோண்டியிருக்காங்க, பெரிய காரணம் என்னன்னா ஒருத்தர் பேசி முடிக்கற வரைக்கும் மத்தவங்க காத்திருக்கணும், அதுக்குள்ள தோணினது ஆறிப்போயிடும். நானோ மைக்கையே கீழ வைக்காத ஆளு.

அதைக்கூட விடு. ஏமி எட்மண்ட்சன்னு ஒருத்தங்க ஆஸ்பத்திரி டீம்களை ஆராய்ச்சி பண்ணாங்களாம், நல்ல டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு நெனச்சுப் போனா கணக்குல அங்கதான் ஜாஸ்தி. ஏன்னு பாத்தா, அங்க உள்ளவங்க தப்பை மறைக்காம சொல்றாங்க, பயமில்ல. இதைப் படிச்சப்ப சுருக்குன்னுது. போன வருஷம் ஒரு பையன் அரைகுறையா ஒரு ஐடியா சொன்னான், நான் ஒரு ஜோக் அடிச்சேன், எல்லாரும் சிரிச்சாங்க, அவனும் சிரிச்சான். அன்னைலேர்ந்து அவன் மீட்டிங்ல "ஓகே சார்" தவிர எதுவும் சொன்னதில்ல. இத்தனை நாள் அவனுக்கு ஆர்வமில்லன்னு நானே ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேன்.

நம்ம மௌனசாமி நெனப்பு வந்துது. முதல் வருஷம் அவன் நல்லாத்தானடா பேசிட்டிருந்தான்? பேர் வெச்சது நீயா நானா, எனக்கு ஞாபகமில்ல, உனக்கு இருக்கும்.

அவன் நம்பர் இருந்தா அனுப்பு.