பாட்டன் டாங்கிகளைப் பராமரிக்கும் நகராட்சிகளுக்கும் படைமுகாம் நிர்வாகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

1965 போரில் பாகிஸ்தானிடமிருந்து பிடித்த, அமெரிக்கா செய்த பாட்டன் (Patton) டாங்கி ஒன்று உங்கள் ஊர்ப் பூங்காவிலோ முகாம் வாசலிலோ நிற்கிறது. பெயிண்ட் அடித்து நன்றாகத்தான் வைத்திருக்கிறீர்கள். ஆனால் நான் பார்த்தவரை, பக்கத்துப் பலகையில் 'போரில் கைப்பற்றப்பட்டது' என்பதற்கு மேல் அநேகமாக ஒன்றும் இருப்பதில்லை. பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தப் பலகையை மாற்றி எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில், உங்கள் டாங்கி எங்கே பிடிபட்டது என்று பதிவுகளைப் பார்த்து எழுதுங்கள். பாட்டன்கள் அந்தப் போரில் பல முனைகளில் இருந்தன. உங்களுடையது பஞ்சாபின் கேம்கரன் பகுதியிலிருந்து வந்தது என்றால், அசல் உத்தர் என்ற கிராமத்தின் பெயர் பலகையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

அங்கே நடந்தது சாதாரண விஷயம் இல்லை. செப்டம்பர் 6 அன்று பாகிஸ்தானின் கசூர் பக்கம் முன்னேறிய நம் 4வது மலைப்படை டிவிஷன் பலத்த அடி வாங்கிப் பின்வாங்கியது, இதையும் மறைக்காமல் எழுதுங்கள். பாகிஸ்தானின் முதல் கவச டிவிஷனோ கேம்கரனைத் தாண்டி பியாஸ் பாலம்வரை போய் அமிர்தசரஸைத் துண்டிக்கப் பார்த்தது. நம் 4வது டிவிஷனின் தளபதி மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங் அசல் உத்தரைச் சுற்றி லாட வடிவில் படையை நிறுத்தினார். கரும்புக் காட்டுக்குள் நம் செஞ்சூரியன், ஷெர்மன் டாங்கிகள் ஒளிந்து நின்றன, கால்வாயை உடைத்து வயல்களில் தண்ணீர் பாய்ச்சினார்கள். பாட்டன் அந்தக் காலத்தில் பேர்போன டாங்கி, அதில் சந்தேகமே வேண்டாம், ஆனால் ஏறக்குறைய 45 டன் எடையோடு ஈர மண்ணில் அது என்ன செய்யும்? சேற்றில் சிக்கி, கரும்பில் கண் தெரியாமல், மறைந்திருந்தவர்களிடம் பக்கவாட்டைக் காட்டி நின்றன. செப்டம்பர் 8 முதல் 10 வரை நடந்த சண்டையில் இந்தியக் கணக்குப்படி 97 பாகிஸ்தான் டாங்கிகள் அழிந்தன அல்லது பிடிபட்டன. அவற்றைக் கொண்டுவந்து நிறுத்திய இடத்துக்கு மக்கள் 'பாட்டன் நகர்' என்றே பெயர் வைத்தார்கள்.

ஹவில்தார் அப்துல் ஹமீதை எல்லோருக்கும் தெரியும் என்று விட்டுவிடாதீர்கள். உத்தரப் பிரதேசத்து காஜிபூர் மாவட்டக்காரர், 4 கிரெனேடியர்ஸ் காலாட்படைப் பிரிவு, கம்பெனியின் சாமான் கணக்கு பார்க்கும் பதவி. திறந்த ஜீப்பில் பொருத்திய 106 மில்லிமீட்டர் ஆர்.சி.எல். (பின்னுதைப்பு இல்லாத) பீரங்கியோடு டாங்கிகளுக்கு எதிரே போய், ஒன்றன்பின் ஒன்றாக அடித்து, 10ஆம் தேதி குண்டு பட்டு இறந்தார். பரம்வீர் சக்கரம் கிடைத்தது. எத்தனை டாங்கி அடித்தார் என்று ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள், அந்த எண்ணைப் பெரிதாக்கித்தான் அவரைப் பெருமைப்படுத்த வேண்டும் என்றில்லை. அப்புறம், செஞ்சூரியன்களோடு நின்ற 3வது கேவல்ரி என்ற டாங்கிப் படைப்பிரிவின் லெப்டினன்ட் கர்னல் சலீம் கேலப், கவசப் படையை நடத்திய பிரிகேடியர் தியோகராஜ் இவர்கள் பெயரும் வரட்டும். இரண்டு பேரும் மகாவீர் சக்கரம் பெற்றவர்கள், ஆனாலும் அவர்கள் பெயரைச் சொல்வார் குறைவு.

இன்னொன்று, இதைத்தான் நான் அழுத்திக் கேட்கிறேன். இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும் கேம்கரன் ஊர் பாகிஸ்தான் கையில்தான் இருந்தது. சண்டை நிறுத்தம் வந்து, 1966 ஜனவரியில் தாஷ்கண்ட் ஒப்பந்தம் ஆன பிறகுதான் அது திரும்பி வந்தது. சொந்த வீட்டுக்குப் போக அதுவரை காத்திருந்த குடும்பங்களுக்கு, தண்ணீர் விட்டு வயலை இழந்த விவசாயிகளுக்கு அந்தப் பலகையில் இரண்டு வரி கொடுங்கள். அந்த டாங்கிக்குள் இருந்தவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான், அவர்களை இழிவாக எழுத வேண்டாம்.

இந்தி, ஆங்கிலத்தோடு அந்தந்த ஊர் மொழியிலும் எழுதுங்கள், பத்து வயதுப் பிள்ளை நின்று படிக்கிற உயரத்தில் வையுங்கள். விவரம் சரிபார்க்க வேண்டுமென்றால் அந்தப் படைப்பிரிவுகளையே கேளுங்கள், அவர்கள் தங்கள் வரலாற்றை எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்.