தட்டில் தெரிந்த வளையம்

ஆசிரியருக்கு வணக்கம்.

‘வேப்பிலைச் சாறு கிருமியை அழிக்கிறது: ஆய்வில் கண்டுபிடிப்பு’ என்று அடிக்கடி பத்திரிகைகளில் செய்தி வருகிறது. வேப்பிலை இல்லையென்றால் துளசி, மஞ்சள், குப்பைமேனி. அந்த ஆய்வில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் 27 வருஷம் ஆய்வக உதவியாளராக இருந்தவன் நான். கிருமி வளர்க்கும் அகார் என்ற ஜெல்லியைக் காய்ச்சி ஊற்றியதும், தட்டுகளைக் கழுவி அடுக்கியதும் இந்தக் கைதான்.

தட்டில் உறைந்த அகாரின் மேல் பாக்டீரியாவைப் பஞ்சுக் குச்சியால் தடவுவோம். சாற்றில் நனைத்து உலர்த்திய 6 மில்லிமீட்டர் காகித வில்லையை மேலே வைத்து, 37 டிகிரி சூட்டில் விட்டுவிடுவோம். மறுநாள் காலை கிருமி வளர்ந்து தட்டு முழுக்கப் பனி படிந்த மாதிரி வெளுத்திருக்கும். வில்லையைச் சுற்றி மட்டும் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வளையம். அதை அளக்க மாணவர்கள் ஸ்கேலோடு ஓடி வருவார்கள்.

ஒரு வருஷம் ஒரு மாணவிக்கு ஆல்கஹாலில் எடுத்த வேப்பிலைச் சாற்றில் 14 மில்லிமீட்டர் வந்தது. வில்லை சரியாக உலரவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். வெறும் ஆல்கஹாலில் நனைத்த வில்லையையும் அதே மாதிரி வைத்துப் பார்க்கச் சொன்னேன். அதற்கே 11 வந்தது. அந்தப் பெண் அழுதுவிட்டாள். அப்புறம் இலையைத் தண்ணீரில் கொதிக்க வைத்த சாற்றில் செய்தோம். வளையமே இல்லை. மிச்சச் சாறு ஜன்னல் ஓரம் பாட்டிலில் கிடந்தது. ஐந்தாம் நாள் பார்த்தால் அதன் மேலேயே வெள்ளைப் பூஞ்சை பஞ்சு போலப் படர்ந்திருக்கிறது!

செடிகளிடம் சரக்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. பூண்டை நசுக்கினால்தான் அதில் அல்லிசின் என்ற கிருமியை அடக்கும் பொருள் உண்டாகிறது. முழுப் பல்லில் அது கிடையாது, நசுக்காமல் வேகவைத்தால் அதை உண்டாக்கும் நொதியே செத்துவிடும். ஊறுகாயில் கடுகை அரைத்துப் போடுகிறோமே, அந்தக் காரத்துக்கும் பூஞ்சையை அடக்கும் சக்தி உண்டு. மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரின் என்ற கிருமியை அடக்கும் பொருளை, புண்ணில் சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி பம்பு வைத்த மாதிரி வெளியே இறைத்துவிடும். ஆனால் பெர்பெரின் உள்ள சில செடிகள் அந்தப் பம்பை அடைக்கும் இன்னொரு பொருளையும் கூடவே வைத்திருக்கின்றன என்று 2000-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு செடிக்கு எவ்வளவு சாமர்த்தியம்!

ஆனால் தட்டு வேறு, உடம்பு வேறு. தட்டில் ஒரு மில்லிலிட்டருக்குப் பல மில்லிகிராம் கணக்கில் சாறு வைக்கிறோம். ரத்தத்தில் அந்த அளவு ஏறாது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் தண்ணீரில் கரைவதே அபூர்வம், குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவது அதைவிடக் குறைவு. ஸ்டெஃபிலோகாக்கஸ் மேல் வேலை செய்யும் சாறு, வெளிச்சவ்வு போர்த்திய சூடோமோனாஸ் என்ற இன்னொரு கிருமியின் முன் பெரும்பாலும் தோற்றுவிடும். கேண்டிடா போன்ற ஈஸ்டும் பூஞ்சைகளும் அமைப்பில் நம் உடம்பின் செல்லுக்கு நெருக்கமானவை. அவற்றைக் கொல்லும் பொருள் நம்மையும் புண்ணாக்கக்கூடும். கிராம்பு எண்ணெயை அப்படியே ஈறில் வைத்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும்.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் என் அக்கா வீட்டுக்காரர். அத்தானுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. காலில் செருப்பு கடித்த புண். சர்க்கரைப் புண்ணில் இருக்கும் கிருமியை வேப்பிலைச் சாறு கொன்றதாக ஒரு பத்திரிகையில் வந்த செய்தியைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மூன்று வாரம் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கட்டியிருக்கிறார். உணர்ச்சி மரத்த கால், வலி தெரியவில்லை. எனக்குத் தகவல் வந்தபோது கட்டைப் பிரித்தால் விரல் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். “நீ வேலை பார்த்த இடத்துல செய்யுற ஆராய்ச்சிதானேப்பா, அதான் நம்பினேன்” என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மூலிகைச் செய்தி போட வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. எந்தக் கிருமி, சாறு தண்ணீரில் எடுத்ததா ஆல்கஹாலில் எடுத்ததா, எவ்வளவு அடர்த்தி, வெறும் ஆல்கஹாலோடு ஒப்பிட்டார்களா என்று நிருபர்கள் கேட்டு எழுதட்டும். ‘இது தட்டில் மட்டும் செய்த சோதனை, மனிதர்களிடம் இன்னும் செய்யவில்லை’ என்ற வரியை முதல் பத்தியிலேயே போடுங்கள். கடைசிப் பத்தியில் வேண்டாம். அத்தான் கத்தரித்து வைத்திருந்த துண்டில் கடைசிப் பத்தி இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
பாளையங்கோட்டை.